பணக்காரரின் ஜெட்டை ஓட்டுகிறவர்களுக்கு எதற்குத் தொழிற்சங்கம்?

2015 மே மாதம் அமெரிக்காவின் ஒமாஹா நகரத்தில் பேர்க்ஷயர் ஹாதவே நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டம் நடந்தது. வொரன் பஃபெட் பேசுவதைக் கேட்க உலகம் முழுக்க இருந்து அப்போது ஆட்கள் போன கூட்டம் அது. அந்த வருடம் மண்டபத்துக்கு வெளியே விமானிகள் பதாகைகளோடு நின்றார்கள். அவர்கள் ஓட்டுவது நெட்ஜெட்ஸ் என்ற நிறுவனத்தின் தனியார் ஜெட்டுகளை. 1998 இல் அந்த நிறுவனத்தை பேர்க்ஷயர் வாங்கியிருந்தது. வாங்குவதற்கு முன்னரே பஃபெட் அதன் வாடிக்கையாளர்.

இதை எங்கட பெடியளிட்ட சொன்னால் முதல் வருகிற கேள்வி ஒன்றுதான்: "அவங்களுக்கு என்ன குறை?" எங்களுக்கும் அந்தக் கேள்வி வந்தது. கோடீஸ்வரர்களை ஏற்றி இறக்கிற, நல்ல சம்பளம் எடுக்கிற ஆக்களுக்கு எதற்குப் போராட்டம்?

அந்த வேலை என்ன எண்டு முதலில் பார்ப்பம். நெட்ஜெட்ஸில் ஒரு விமானத்தைப் பலர் பங்கு போட்டு வாங்குகிறார்கள். பதினாறில் ஒரு பங்கு வாங்கினால் வருடத்துக்கு 50 மணிநேரம் பறக்கலாம். சில மணிநேரத்துக்கு முன் சொன்னாலே போதும், விமானம் வந்து நிற்க வேண்டும். அப்படியென்றால் விமானியும் வந்து நிற்க வேண்டும். ஏழு நாள் வேலை, ஏழு நாள் லீவு என்பது இந்தத் துறையில் பரவலான முறை. அந்த ஏழு நாளில் நாளைக்கு எந்த ஊர், எத்தனை மணிக்கு எழும்புவது என்பது கையில் இல்லை. சிறிய ஜெட்டுகளில் பணிப்பெண் கிடையாது. பயணப்பையை ஏற்றுவதும், சாப்பாட்டை அடுக்குவதும், பயணி இறங்கிய பிறகு உள்ளே துப்புரவாக்குவதும் விமானிகள்தான்.

எங்களை யோசிக்க வைத்தது அடுத்த விஷயம்: தூக்கம். 2009 பெப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் கோல்கன் எயார் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானிகளின் களைப்பு பற்றிய கேள்வி அந்த விபத்துக்குப் பிறகு பெரிதாக எழுந்தது. 2014 ஜனவரியில் புதிய ஓய்வு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவை உடம்பின் கடிகாரத்தைக் கணக்கில் எடுக்கின்றன. நடுச்சாமத்தில் வேலை தொடங்குகிற இரண்டு விமானிகளுக்கு 9 மணிநேரம்தான் எல்லை. காலையில் தொடங்கினால் அது கூடும்.

ஆனால் அந்த விதிகள் கட்டாயமானது ரிக்கெற் எடுத்துப் போகிற பயணிகள் விமானசேவைகளுக்கு மட்டும். தனியார் ஜெட்டுகள் பழைய விதிகளின் கீழேயே இருந்தன. அங்கே வேலைநேரம் பொதுவாக 14 மணிநேரம் வரை போகலாம். நடுச்சாமத்தில் தொடங்கினாலும் விடியத் தொடங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வானமும் ஒன்றுதான், மனித உடம்பும் ஒன்றுதான், சட்டம் மட்டும் இரண்டு!

சட்டம் நிற்கிற இடத்தில் எஞ்சியிருப்பது ஒப்பந்தம். எத்தனை மணிநேரம் ஓய்வு, "எனக்குக் களைப்பு, இந்தப் பறப்பு வேண்டாம்" என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதையெல்லாம் சங்கமும் முகாமைத்துவமும் மேசையில் இருந்துதான் எழுத வேண்டும். பின்னால் ஒரு முதலாளியும் அவருடைய அவசரமும் காத்திருக்கும்போது, தனி ஆளாக நின்று "மாட்டேன்" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அதைச் சொல்லப் பின்பலம் வேண்டும். சம்பளம் எவ்வளவு கூடினாலும் அந்தப் பலம் சம்பளத்தோடு சேர்ந்து வராது.

நல்ல சம்பளம் வேலையைக் காப்பாற்றுவதும் இல்லை. 2009 பொருளாதார நெருக்கடியில் நெட்ஜெட்ஸ் 711 மில்லியன் டொலர் நட்டம் காட்டியது. 495 விமானிகளை வேலையிலிருந்து இடைநிறுத்தப் போவதாக அறிவித்தது. நட்டம் உண்மைதான், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அதில் யார் எவ்வளவு சுமப்பது என்ற பேச்சில் விமானிக்கும் ஒரு கதிரை வேண்டுமா இல்லையா?

சரி, ஸ்ட்ரைக் பண்ணலாமே? அங்கேதான் சிக்கல். 1926 இல் ரயில்வேக்காக வந்த தொழிலாளர் சட்டம் 1936 இல் விமானத்துறைக்கும் விரிக்கப்பட்டது. அதன்படி ஒப்பந்தம் காலாவதி ஆகாது, திருத்தத்துக்கு உரியதாக மட்டும் மாறும். புதியது வரும்வரை பழையது தொடரும். மத்தியஸ்த சபை போதும் என்று விடுவிக்கும்வரை பேச்சுவார்த்தை இழுபடும், அதற்குக் கால எல்லை கிடையாது. விடுவித்தாலும் 30 நாள் பொறுக்க வேண்டும். காலம் இழுபடுவது முகாமைத்துவத்துக்கு அவ்வளவாக வலிக்காது. அதனால்தான் ஒமாஹாவில் அவர்கள் வேலையை நிறுத்தாமல் பதாகை பிடித்தார்கள். அடுத்த மாதமே நிறுவனத்தின் தலைமை மாறியது. அந்த வருடம் டிசம்பரில் புதிய ஒப்பந்தம் வந்தது.

எங்கட நாட்டில் இது வேறு வடிவம். இங்கே 1979 ஆம் ஆண்டின் அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தமானி போதும். இங்கே ஓர் இரவில் கதவு மூடும், அங்கே வருடக்கணக்கில் மெல்ல மெல்ல மூடும்.

எல்லா விமானிகளுக்கும் சங்கம் பிடிக்கும் எண்டும் இல்லை. இன்னொரு பெரிய நிறுவனமான ஃபிளெக்ஸ்ஜெட்டில் 2015 இல் சிறிய வித்தியாசத்தில் சங்கம் வென்றது. 2018 இல் விமானிகளே வாக்களித்து அதை நீக்கினார்கள். அதுவும் அவர்களுடைய முடிவுதான். வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கிற உரிமை அவர்களிடம் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கட கதை.

2024 இல் சண்டை இன்னொரு இடத்துக்குப் போனது. பாதுகாப்புப் பற்றிச் சங்கம் வெளியே சொன்ன கருத்துகள் அவதூறு என்று நெட்ஜெட்ஸ் வழக்குப் போட்டது. யார் சரி என்பது நீதிமன்றத்தின் வேலை. எங்களுக்கு உறுத்துவது இதுதான்: விமானத்துக்குள் இருக்கிறவர் பாதுகாப்பைப் பற்றி வாய் திறக்கவே வழக்கறிஞரைக் கேட்க வேண்டி வந்தால், அந்த ஜெட்டில் ஏறுகிற பணக்காரருக்கும் அது நல்லதில்லையே.

2012 இல் எங்கட பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் கல்விக்கு 6 வீதம் ஒதுக்கச் சொல்லிப் பணிப்பகிஷ்கரிப்புச் செய்தபோதும் "இவைக்கு என்ன குறை" என்ற கதை அடிபட்டது. வைத்தியர்கள் இறங்கினாலும் அதேதான். பாவப்பட்டவர் மட்டும்தான் போராடலாம் என்று நாங்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு தொழிலாளியின் பணப்பை மட்டும் தெரியும். அவருடைய நேரமும் தூக்கமும் "மாட்டேன்" என்ற சொல்லும் யாரிடம் இருக்கிறது என்பது தெரியாது. நாளைக்கு நாங்களும் டிகிரியோடு வெளியே போய் எங்கேயோ ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கத்தான் போகிறோம். சம்பளம் எழுதியிருக்கிற வரியை எல்லாரும் வாசிப்பம். அதற்குக் கீழே இருக்கிற வரிகளையும் வாசிக்கப் பழகுவம்.