பட்டம் பார்க்காத கோதுமை

விருதுநகருக்குப் போகிறவர்கள் எண்ணெயில் பொரித்த பரோட்டாவைத் தின்னாமல் திரும்புவதில்லை. நானும் அப்படித்தான். ஆனால் அந்தப் பரோட்டாவுக்கு வேண்டிய கோதுமை இந்தக் கரிசலில் விளைவதல்ல. வடக்கே விளைந்து வருவது. "இங்கே ஏன் அண்ணாச்சி கோதுமை போடுவதில்லை?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"இந்த வெயில்ல மனுசனே கருகிப் போறான். கோதுமை எங்கே வளரும்?" என்றார்.

அவர் சொன்னது முக்கால் பங்கு உண்மை. மிச்சக் கால் பங்கு அதைவிடச் சுவையானது. பழைய கோதுமைக்கு நாள் பார்க்கும் குணம் உண்டு. பகல் நீண்டுகொண்டே போனால்தான் அது காலத்தில் கதிர் விடும். பஞ்சாபில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் வித்தியாசம். விருதுநகரிலோ ஒரு மணிக்குச் சற்று அதிகம்; அவ்வளவுதான்.

செடிகள் நாளை அளக்கின்றன என்பதை 1920-இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் நிரூபித்தார்கள். கோடையில் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்தும் பூக்காத ஒரு புகையிலை, குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் தானாகப் பூத்தது. நம் சம்சாரிகள் இதை எப்போதோ கண்டுகொண்டு, 'பட்டம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். மொச்சையை ஆடியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும், இரவு நீளுகிற கார்த்திகை மார்கழியில்தான் அது பூக்கும். முந்திப் போட்டவனுக்கு இலைதான் லாபம்.

சாத்தூர் போகிற நாற்கரச் சாலையோரம் எனக்குத் தெரிந்த ஒருவர் நிலம் குத்தகைக்குப் பிடித்து மொச்சை போட்டிருந்தார். சாலை விளக்கின் வெளிச்சம் விழுகிற மூலையில் மட்டும், தை பிறந்த பிறகும் செடி இலையாகவே நின்றது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். அவரும் வாங்கித் தெளித்தார். செடி அளப்பது உண்மையில் பகலை அல்ல, இருட்டை. அந்த மூலைக்கு இரவு வரவே விளக்கு விடவில்லை.

இந்த நாள் பார்க்கும் குணத்தை மறந்துவிட்ட கோதுமைதான் இன்று நாம் தின்பது. அந்த மறதி வந்த விதம் ஒரு வேடிக்கை. 1940-களில் மெக்ஸிகோவில் நார்மன் போர்லாக் வருஷத்துக்கு இரண்டு போகம் எடுக்க ஆசைப்பட்டார். குளிர்காலத்தில் வடக்கே ஸொனோராச் சமவெளியில் ஒரு போகம். கோடையில் தெற்கே தொலூகா மலைநாட்டில் இன்னொன்று. அறுத்த விதைக்கு ஓய்வு வேண்டும் என்று பெரியவர்கள் தடுத்தும் அவர் கேட்கவில்லை. அவர் மிச்சப்படுத்த நினைத்தது காலத்தைத்தான். ஆனால் ஓரிடத்தில் பகல் சுருங்க, மற்றோரிடத்தில் நீள, நாள் பார்த்த பயிர்களெல்லாம் கழிந்து, பாராதவை மிஞ்சின. அவைதாம் எங்கே போட்டாலும் விளைந்தன. 1966-இல் இந்தியா 18,000 டன் மெக்ஸிகோ விதையைக் கப்பலில் வரவழைத்தது. நம் நீலகிரி வெலிங்டனில் இதே வித்தை இன்றும் நடக்கிறது. வடக்கே அறுவடை முடிந்ததும் விதை மலையேறி வந்து, ஒரே வருஷத்தில் இன்னொரு தலைமுறை கண்டுவிடும்.

சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்பார்கள். கோதுமையிலும் ஒரு ஜப்பான் உண்டு. அதைக் குட்டையாக்கிய குணம் 'நோரின் 10' என்ற ஜப்பானிய ரகத்தினுடையது. நாளை மறந்த குணமும் 'அக்ககோமுகி' என்ற ஜப்பானியக் கோதுமையிலிருந்து இத்தாலி வழியாக மெக்ஸிகோ சேர்ந்ததுதான். அந்தக் குணமுள்ள கோதுமையின் மரபணுவுக்கு முன்னால் ஏறக்குறைய 2,000 எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. பேரேட்டில் ஒரு தாளையே கிழித்த மாதிரி. கிழிந்த பேரேடுதான் பிள்ளைக்கும் பேரனுக்கும் போய்ச் சேரும்.

இதற்கு நேர்மாறான சங்கதியும் கோதுமையில் உண்டு. குளிர்நாட்டுக் கோதுமை, முளையில் பட்ட பனியை நினைவு வைத்திருந்து, மாதங்கள் கழித்துப் பூக்கும். இது மரபணுவின் எழுத்தை மாற்றுவதில்லை. பேரேட்டின் ஓரத்தில் பென்ஸிலால் போட்ட குறிப்பு. இத்தகைய குறிகளை ஆராய்வதற்குத்தான் எபிஜெனெடிக்ஸ் என்று பெயர். ருஷ்யாவில் லைஸெங்கோ என்பவர் விதையை நனைத்துக் குளிரவைத்து, இந்தப் பழக்கம் சந்ததிக்கும் போகும் என்று சாதித்தார். ஸ்டாலினுக்கு அது பிடித்துப் போயிற்று. மறுத்த வாவிலோவ், உலகமெல்லாம் சுற்றி விதை சேர்த்த மகான், 1943-இல் ஸராதோவ் சிறையில் மாண்டார். சில செடிகளில் சில குறிகள் தலைமுறை தாண்டுவது உண்டு என்று இன்று தெரியும். கோதுமையின் பனி நினைவு அப்படியல்ல. புது விதை உருவாகும்போது அது சுத்தமாக அழிந்துவிடுகிறது. தாய் பட்ட குளிர் தாயோடு சரி. பிள்ளை தன் பனியைத் தானே பட வேண்டும்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்கு அந்த மொச்சைக்காரரின் மகள்தான் காரணம். அவர் முன்பு பட்டாசு ஆலையில் மருந்து கலந்தவர். ஒரு விபத்தில் வலது கையில் இரண்டு விரல்களைக் கொடுத்துவிட்டு விவசாயத்துக்கு வந்தவர். மகள் கல்லூரியில் தாவரவியல் சேர்ந்த சமயம், அவரை அறிந்த ஆலைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "அப்பன், பாட்டன் எல்லாம் மருந்துல பழகின கை. அது ரத்தத்துலயே ஊறிப்போச்சு சார். இந்தப் புள்ள படிச்சு என்ன ஆகப் போகுது?"

மனிதர் லைஸெங்கோவைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனாலும் அவர் கட்சிதான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தது 1922-இல். அதற்கு முன் இந்த ரத்தத்தில் என்ன ஊறியிருந்ததாம்? மழை பொய்த்த காட்டில் வயிறு நிறையாமல் ஆலைக்குப் போன குடும்பம் அது. தகப்பனுக்கு எட்டு விரல். மகளுக்குப் பத்தும் இருக்கின்றன.

விளக்கு மூலையின் காரணத்தைக் கண்டு சொன்னவள் அந்தப் பெண்தான். மறு வருஷம் அங்கே மட்டும், பட்டம் பார்க்காத குத்தவரையைத் தகப்பனாரைக் கொண்டே போட வைத்தாள். விளக்கடியிலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்தது.

"காய்ச்சது வாஸ்தவந்தான். ஆனா மொச்சை ருசி வருமா?" என்கிறார் அவர்.