கொழும்புக் கடற்கரையில் ஹோட்டல் உத்தியோகம்

ஹோட்டல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவருக்கு இட்டிலியும் காப்பியும் நினைவுக்கு வருவது இயல்பு. கொழும்பு நகரிலோ அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. காலிமுகத்திடல் என்னும் நீண்ட புல்வெளியின் தென்கோடியில், அலை வந்து மோதும் இடத்தில், 1864-ம் ஆண்டு முதல் ஒரு மாளிகை நிற்கிறது. கால் பேஸ் ஹோட்டல் என்பது அதன் பெயர். மாலை வேளையில் அங்கே கடலைப் பார்த்துக் கொண்டு ஒரு கோப்பைத் தேநீர் அருந்தினேன். பள்ளிக்கூட வாத்தியாரின் சட்டைப் பை அதற்கு மேல் இடங்கொடாது.

அந்த மாளிகையின் புகழில் பெரும் பங்கு அதன் வாசலில் நின்ற ஒரு மனிதரைச் சேரும். கேரளத்தில் பிறந்து, பிழைப்பு நாடிக் கடல் கடந்த கொட்டாரப்பாட்டு சாத்துக்குட்டன், 1942-ல் அங்கே வேலைக்கு அமர்ந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 5-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மீது குண்டு வீசின. ஜனங்கள் ஊரை விட்டு ஓடிய அந்த வருஷத்தில்தான் இவர் ஊருக்குள் ஓர் உத்தியோகத்தைப் பிடித்துக் கொண்டார்! வெள்ளை அங்கி, மார்பில் சின்னங்கள், முறுக்கிய நரைமீசை; இந்தக் கோலத்தில் கைகூப்பி, "ஆயுபோவன்" என்று விருந்தினரை வரவேற்றார். துரைமார் போனார்கள், சுயராஜ்யம் வந்தது, ஹோட்டலுக்கு எஜமானர்கள் மாறினார்கள். குட்டன் மாறவில்லை. 2014 நவம்பரில், 94-ம் வயதில் அவர் காலமானபோது உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் செய்தி வெளியிட்டன. கதவைத் திறந்து விடுவதும் ஒரு தொழிலா என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. எழுபது வருஷத்துக்கு மேல் ஒரு முகச் சுளிப்பின்றி அதைச் செய்து பார்த்துவிட்டு அவர்கள் கேட்கட்டும்.

முன்வாசலைப் பற்றி யாரும் எழுதுவார்கள். பின்வாசலை அறியும் வாய்ப்பு எனக்கு ஒரு நண்பர் மூலம் கிடைத்தது. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த தமிழ் வாலிபர் ஒருவரை அவர் அறிமுகம் செய்து வைத்தார். அதே நகரில் வேறொரு பெரிய ஹோட்டலில் அவர் அறைச் சிப்பந்தி. அந்த ஹோட்டலின் பெயர் இங்கே வேண்டியதில்லை.

காலை ஏழு மணிக்குச் சிப்பந்திகளுக்கென்று உள்ள பின்வாசல் வழியாக அவர் நுழைகிறார். மாலையில் வெளியேறும்போது பையைச் சோதிப்பார்கள். விருந்தினர் ஏறும் மின்தூக்கியில் அவர் ஏறக் கூடாது. கூடத்து நாற்காலியில் உட்காரக் கூடாது. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு 14 அறைகள். அறைக்கு அரைமணி நேரம். மெத்தை விரிப்பின் நான்கு முனைகளும் தபால் உறை போல மடிந்திருக்க வேண்டும். கைகழுவும் தொட்டியில் ஒரே ஒரு தலைமயிர் கிடந்தாலும் மேற்பார்வையாளர் அறை முழுவதையும் மறுபடி செய்யச் சொல்லிவிடுவார். நம் வீட்டு ஸ்திரீகள் இதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்வதும், நாம் ஒரு நாளும் அதைச் சோதித்துப் பாராட்டாததும் அப்போது எனக்கு நினைவு வந்தது. இது நிற்க.

"ஐயா, அறையைப் பார்த்தாலே ஆளைத் தெரிந்துவிடும். மேஜை மேல் மருந்துப் புட்டிகள் இருக்கும். தலையணைக்கு அடியில் குழந்தையின் படம் இருக்கும். ஆனால் நாங்கள் எதையும் பார்த்ததில்லை!" என்று சொல்லிச் சிரித்தார்.

சம்பளத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் சிரிப்பு நின்றது. இலங்கை ஹோட்டல்களில் விருந்தினரின் கணக்கில் நூற்றுக்குப் பத்து வீதம் சேவைக் கட்டணம் சேர்ப்பது வழக்கம். அது சிப்பந்திகளுக்குப் பங்கிடப்படுகிறது. நல்ல மாதத்தில் இந்தப் பங்கு தம் அடிப்படைச் சம்பளத்தையும் மிஞ்சிவிடும் என்றார். ஆகவே அறை காலியானால் அடுப்பங்கரையும் காலி. 2018-ல் அத்தீவுக்கு 23 லட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் 21-ம் தேதி, ஈஸ்டர் காலையில், மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. மாண்டவர்களில் காலைச் சிற்றுண்டி பரிமாறிய இனத்தாரும், அதாவது ஹோட்டல் சிப்பந்திகளும் உண்டு. அதன் பின் கொள்ளை நோய் வந்தது. 2021-ல் வந்த பிரயாணிகள் 2 லட்சம் கூட இல்லை. 2022-ல் ரூபாயின் மதிப்புச் சரிந்து, ஏறக்குறைய 200 ரூபாய்க்கு வாங்கிய டாலர் 360 ரூபாயாயிற்று.

2024-ல் பிரயாணிகள் மீண்டும் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். சேவைக் கட்டணமும் திரும்பி வந்தது. அரிசி விலைதான் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கைதேர்ந்த சகாக்கள் பலர் வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்டதால், இருப்பவர் தலையில் 14 அறைகள் 18 ஆகிவிட்டன. தோஹாவில் ஒரு ஹோட்டல் தம்மை அழைப்பதாகச் சொல்லி, மடித்து வைத்திருந்த கடிதத்தைக் காட்டினார். தாயாருக்கு இஷ்டமில்லை. தங்கை பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

"போகலாமா, ஐயா?" என்று கேட்டார்.

கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். சம்பளம் தெளிவாக எழுதியிருந்தது. வேலை நேரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதை எழுத்தில் கேட்டு வாங்கும்படி சொன்னேன். அன்றிரவே எழுதுவதாக ஒப்புக்கொண்டார். பிறகு மணியைப் பார்த்துவிட்டுப் பின்வாசல் பக்கமாக விரைந்து நடந்தார். தங்கைக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி இருக்கிறதாம்.