ஜேர்மனியில் ஒரு நத்தார்ப் பலகாரக் காலம்

2023 ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் ஜேர்மனியிலுள்ள என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்ருட்கார்ட் நகரத்துக்கு அண்மையில் ஒரு சிற்றூர். பின்னேரம் நாலரை மணிக்கே இருண்டுவிடும். எல்லா வீட்டுக் கதவுகளும் பூட்டியபடியே இருக்கும். வேலிக்கு மேலால் கதைத்துப் பழகிய எனக்கு அந்த அமைதி முதலில் மூச்சுமுட்டியது.

ஆனால் மாடிப்படி ஏறும்போது ஒரு வாசம் வரும். வெண்ணெயும் சீனியும் கறுவாவும் ஒன்றாய் வேகும் வாசம்.

"நத்தார்ப் பலகாரம் சுடத் தொடங்கிட்டினம், அக்கா" என்றாள் தங்கை.

நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளையும் அங்கே திருவருகைக் காலமாகக் கொண்டாடுகிறார்கள். பச்சைக் கிளைகளால் கட்டிய வளையத்தில் நான்கு மெழுகுதிரிகளை வைத்து, வாரத்துக்கொன்று கூட்டி ஏற்றுகிறார்கள். அந்த வாரங்களில்தான் வீடுகளில் பலகாரம் சுடுவதும் நடக்கிறது. அந்தப் பகுதி மக்கள் இந்தச் சின்னப் பிஸ்கட்டுகளைக் 'குட்ஸ்லெ' என்பார்கள். ஒரு வகையோடு நிற்பதில்லை. ஐந்து, ஆறு வகை செய்து, வகைக்கொரு தகர டப்பாவில் அடைத்து, நத்தார் வரை குளிரான இடத்தில் வைப்பார்கள். எங்கள் அம்மாமார் தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கும் பலகாரம் சுட்டுத் தகரத்தில் பூட்டி, எங்களுக்கு எட்டாத உயரத்தில் வைத்தது ஞாபகம் வந்தது.

ஸ்ருட்கார்ட் நத்தார்ச் சந்தைக்கும் போனோம். 1692 ஆம் ஆண்டிலேயே எழுத்தில் குறிப்பிடப்பட்ட பழைய சந்தை. கடைகளின் கூரைகளையே பொம்மைகளாலும் விளக்குகளாலும் அலங்கரித்திருந்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பயணத்தில் என் மனதில் நின்றது தங்கையின் எதிர்வீட்டுச் சமையலறைதான்.

எதிர்வீட்டில் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா தனியே இருந்தார். தங்கை அங்கு குடிவந்து ஏழு வருடங்கள். ஒவ்வொரு வருடமும் முதல் மெழுகுதிரி ஏற்றும் ஞாயிறன்று, அவர் ஒரு தட்டில் பலகாரம் வைத்து வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போவாராம். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கமில்லையே. தங்கையும் பயற்றம் உருண்டையோ முறுக்கோ வைத்துத் திருப்பிக் கொடுப்பாளாம். ஏழு வருடமும் தட்டு போய் வந்தது. ஆட்கள் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போனதில்லை.

அந்த வருடம் இரண்டாவது ஞாயிறும் கழிந்துவிட்டது. தட்டு வரவில்லை.

"ஏதும் வருத்தமோ தெரியாது" என்று தங்கை கவலைப்பட்டாள்.

"போய்க் கேளன்."

"இஞ்சை சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்டுறதில்லை, அக்கா."

"தட்டு வராட்டில் நாங்கள் கொண்டு போவம்" என்றேன். பயற்றம் உருண்டையோடு, விமானம் ஏறமுன் புறக்கோட்டையில் வாங்கிய கறுவாக் கட்டொன்றையும் எடுத்துக்கொண்டு போனோம்.

கதவு திறக்க நேரமெடுத்தது. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. மூன்று கிழமைக்கு முன் படியில் வழுக்கி விழுந்தாராம். மேசையில் முட்டையும் பாதாம் மாவும் எடுத்து வைத்தபடி இருந்தன. ஒற்றைக் கையால் முட்டை அடிக்க முடியாமல் அப்படியே விட்டிருக்கிறார். நான் ஒன்றும் கேட்காமல் சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகினேன். பாஷை தெரியாவிட்டாலும் அது அவருக்கு விளங்கிவிட்டது.

முதலில் செய்தது கறுவா நட்சத்திரம். ஜேர்மன் மொழியில் 'சிம்ட்ஸ்டெர்ன'. கோதுமை மாவே இல்லாத பலகாரம். மூன்று முட்டையின் வெள்ளைக்கருவை நுரை கட்டியாகும்வரை அடித்து, 250 கிராம் மாச்சீனி சேர்த்து மேலும் அடிக்க வேண்டும். மேலே பூசுவதற்கென்று அதில் கொஞ்சத்தை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் 300 கிராம் அளவு அரைத்த பாதாமும் இரண்டு தேக்கரண்டி கறுவாத்தூளும் கலந்து குழைப்பது. பாதாம் மாவைத் தூவித் தட்டையாக்கி நட்சத்திர அச்சால் வெட்ட வேண்டும். அச்சை அடிக்கடி தண்ணீரில் தோய்க்காவிட்டால் ஒட்டிக்கொள்ளும். மேலே வெள்ளை நுரையைப் பூசி, 150 பாகை செல்சியஸ் சூட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் போதும். வெள்ளை நிறம் மாறக்கூடாது, உள்ளே மெதுமையாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

மிஞ்சிய மஞ்சட்கருவும் வீணாகவில்லை. வெண்ணெய், கோதுமை மா, அரைத்த பாதாம் சேர்த்துப் பிறை வடிவில் வனிலாப் பலகாரம் செய்தோம். சூடு ஆறமுன் வனிலாச் சீனியில் பிரட்ட வேண்டும், அவசரப்பட்டால் உடைந்துவிடும். உடைந்ததெல்லாம் என் பெறாமகளின் வாய்க்குள் போனது. 'ஸ்ப்ரிங்கெர்ல' என்ற இன்னொரு வகைக்குப் பூவும் பறவையும் செதுக்கிய மர அச்சு வைத்திருந்தார். அச்சில் அழுத்திய மாவை ஓர் இரவு முழுக்கக் காயவிட்டுத்தான் சுடுவார்கள். பெருஞ்சீரகம் போல் மணக்கும் அனிஸ் விதை அதற்கு வாசம் கொடுக்கிறது.

இடையில் நான் கொண்டுபோன கறுவாவை அந்த அம்மா கையில் எடுத்தார். முகர்ந்து பார்த்து, விரலால் நொறுக்கி, தங்கையிடம் ஏதோ சொன்னார். தங்கையின் முகம் மாறியது.

"நீங்கள் கறுவா நாட்டில இருந்து வந்தனீங்கள், வீட்டில எந்தக் கறுவா பாவிக்கிறனீங்கள் எண்டு கேக்கிறா."

தங்கை ஓடிப்போய்த் தன் கறுவாத்தூள் பைக்கற்றைக் கொண்டுவந்தாள். மலிவாகக் கிடைத்ததை வாங்கியிருந்தாள். அதில் சிலோன் என்ற சொல்லே இல்லை. அந்த அம்மாவின் போத்தலில் 'சிலோன் கறுவா' என்று தெளிவாக எழுதியிருந்தது.

காரணத்தை அவரே சொன்னார். கறுவா என்று உலகில் அதிகம் விற்பனையாவது 'கசியா' என்ற வேறு மரத்தின் பட்டை. அதில் கூமரின் என்ற பொருள் கூடுதலாக உண்டு. தொடர்ந்து அதிகமாக உட்கொண்டால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கக்கூடும். எங்கள் கறுவாவிலோ அது மிகமிகச் சொற்பம். 2006 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதைப்பற்றி எச்சரித்தபோது, நத்தார்ப் பலகாரத்தை அள்ளிச் சாப்பிடும் பிள்ளைகளை நினைத்துத் தாய்மார் கலங்கிப் போனார்களாம். பின்னர் ஐரோப்பிய ஒன்றியம், கறுவா சேர்ந்த பண்டிகைக்காலப் பலகாரங்களில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் கூமரினுக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதித்தது. 2022 பெப்ரவரியில் 'சிலோன் கறுவா' என்ற பெயருக்கே அங்கு புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பும் கிடைத்தது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காலி, மாத்தறைப் பக்கம் தொழிலாளர்கள் நாள் முழுக்க நிலத்தில் இருந்து, கம்பின் மேற்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் தேய்த்து, உட்பட்டையைக் கிழியாமல் உரித்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி நிழலில் உலர்த்துகிறார்கள். அந்த உழைப்பின் அருமையை நான் ஒரு ஜேர்மன் அம்மாவிடம் கேட்டு அறிய வேண்டியிருந்தது. வேறுபாடு காண்பது கடினமில்லை, சகோதரிகளே. எங்கள் கறுவா மெல்லிய பல சுருள்கள் அடுக்கிய சுருட்டுப் போலிருக்கும்; கையால் நொறுங்கும். கசியா தடித்த ஒற்றைச் சுருள், இலேசில் உடையாது. தூளாக்கிவிட்டால் கண்டுபிடிப்பது சிரமம். ஆகவே பட்டையாக வாங்கி வீட்டில் இடித்துக்கொள்வதே நல்லது.

அடுத்த நாட்களில் ஐந்து டப்பாக்களும் நிறைந்தன. நட்சத்திரம் காயாமலிருக்க டப்பாவுக்குள் அப்பிள் துண்டொன்றை வைத்தார். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

நத்தாருக்கு முதல்நாள் இரவு கதவு தட்டப்பட்டது. கையில் அதே தட்டு. தங்கை வழமைபோல் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லவில்லை. "உள்ளுக்கு வாங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். ஏழு வருடத்தில் முதற்தடவையாக அவர் வந்து எங்கள் மேசையில் இருந்து, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார்.

அடுத்த வருடம் டிசம்பரில் ஊரிலிருந்து தங்கைக்குத் தொலைபேசி எடுத்தேன். "தட்டு வந்ததோ?" என்று கேட்டேன்.

"தட்டு வரேல்லை, அக்கா. மனுசியே வந்திருக்கிறா. சிப்பிப் பலகாரம் பழகவேணுமாம். இப்ப சீப்பில மாவை உருட்டிக்கொண்டிருக்கிறா."