மீன் இல்லாத ஒரு ராச்சாப்பாடு

மாரி காலத்தில் பொத்துவிலில் மீன் விலை கேட்கவே பயமாக இருக்கும். கடல் அடிக்கும், தோணி இறங்காது. அன்றைக்கும் அப்படித்தான். உம்மா கல்முனைக்கு மாமி வீட்டுக்குப் போயிருந்தா. ஒலுவிலில் கலைப்பீடம் படிக்கிற ராத்தா, ஏ.எல். படிக்கிற தங்கச்சி என்று நாங்கள் ரெண்டு பேர்தான் குசினிக்குப் பொறுப்பு.

இருந்தது நாலு கத்தரிக்காய், அஞ்சு தக்காளி, உள்ளி, பச்சைக் கொச்சிக்காய், கறிவேப்பிலை. பிறகு, 400 கிராம் பாஸ்தா பக்கெட் ஒன்று. வாப்பா அறுகம்பேயில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. சீசன் முடிந்து மூடும்போது மிச்சச் சாமானைப் பங்கிட்டதில் வந்த பக்கெட் அது. ரெண்டு மாதமாக அலுமாரி மேலேயே கிடந்தது. யாரும் தொடவில்லை. அது எங்கட சாப்பாடு இல்லை என்ற நினைப்புத்தான்.

உண்மையில் அப்படியுமில்லை. சிசிலியில் ரொஜர் மன்னருக்காக அல் இத்ரீசி அரபியில் எழுதி 1154இல் முடித்த புவியியல் நூலில், பலெர்மோவுக்குப் பக்கத்துத் திராபியாவில் 'இத்ரிய்யா' என்ற மாவிழைகளைச் செய்து முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பலில் அனுப்பினார்கள் என்று இருக்கிறது. கத்தரிக்காயை அந்தத் தீவுக்குக் கொண்டுபோனதும் அரபிகள்தான். அங்கே கத்தானியா நகரத்தில் கத்தரிக்காயும் தக்காளியும் போட்டுச் செய்யும் பாஸ்தாவுக்கு 'நோர்மா' என்று பேர். எங்களிடம் இருந்ததும் அது ரெண்டும்தானே!

மஃரிப் தொழுதுவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தோம். கத்தரிக்காயைத் துண்டு போட்டு, உப்புப் பிரட்டி, தேங்காயெண்ணெயில் பொரித்து எடுத்தோம். அதே எண்ணெயில் உள்ளி, கொச்சிக்காய், கறிவேப்பிலை. பிறகு தக்காளியைப் பிசைந்து போட்டு வற்றவிட்டோம். சீஸ் இல்லை. அதைக் குறையென்று சொல்ல மாட்டோம். பார்மசான் சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற நொதியம் போட்டுத்தான் உறைய வைப்பார்கள். அதைத் தூவினால் மரக்கறிப் பாஸ்தா என்று சொல்லவும் ஏலாது.

பாஸ்தா அவிந்ததும் தங்கச்சி பானையைத் தூக்கிக்கொண்டு சிங்க் பக்கம் போனாள்.

"அந்தத் தண்ணிய ஊத்திடாத மகள்."

வாப்பா வாசலில் நின்றார். வீட்டில் குசினிப் பக்கம் வராத மனுசன். வந்து அகப்பையை வாங்கி, ரெண்டு அகப்பை தண்ணியைத் தக்காளிக்குள் ஊற்றி, கொஞ்சம் விறைப்பாக இருக்கும்போதே பாஸ்தாவை அள்ளிப் போட்டுச் சட்டியைக் குலுக்கினார். "இது கஞ்சித் தண்ணி மாதிரி. எண்ணையையும் தக்காளியையும் இதுதான் புடிச்சி வெக்கிற" என்றார். எண்ணெய் பிரிந்து நின்ற சாறு மினுங்கிக்கொண்டு இழைகளில் ஒட்டியது. எத்தனை சீசன் அந்தக் கையால் உழைத்த காசில் நாங்கள் படித்திருக்கிறோம், அவர் சமைப்பதை ஒருநாளும் கண்டதில்லை.

பாயை விரித்து இருந்தோம். முதல் வாய் வைக்கும்போது, "இதை ஒரு பிளேட் முழுசாச் சாப்பிட்டதில்ல" என்றார். உப்புப் பார்க்கக் கரண்டி நுனியில் தொட்டதுதானாம். வேலைக்காரர்களுக்குப் பின்பக்கம் சோறும் கறியும். எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "உப்புக் காணுமா வாப்பா?" என்று மட்டும் கேட்டோம்.

மூத்தம்மா கையால் பிசையப் பார்த்து, சரிவராமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாப்பிட்டா. "கத்தரிக்கா நல்லாரிக்கி. இனிச் சோத்தப் போடுங்க" என்றா.

வாப்பா பிளேட்டை வழித்துவிட்டுச் சட்டியை எட்டிப் பார்த்தார். உம்மாவுக்கென்று ஒரு கோப்பை எடுத்து வைத்திருந்தோம். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு தட்டால் மூடி வைத்துவிட்டு, இஷாவுக்குத் தொப்பியைத் தேடினார்.