ஆச்சியின் கற்றொட்டி

விரிவுரை மண்டபத்திலே குடித்தொகை வளர்ச்சியைப் பற்றிப் பேசப்புகும் ஒவ்வோராண்டும் கரும்பலகையில் ‘எஸ்’ வடிவக் கோடொன்றை வரைகிறேன். தொடக்கத்தில் மெல்ல ஏறி, இடையில் விரைந்தெழுந்து, ஈற்றில் ஒரு கிடைக்கோட்டை அணுகித் தளர்ந்துவிடுங் கோடு அது. பெல்சிய நாட்டுக் கணித அறிஞர் வெர்கல்ஸ்ற் 1838 இல் அதற்குரிய சமன்பாட்டைத் தந்தார். அக்கிடைக்கோட்டைச் சூழலின் தாங்குதிறன் என்பர். மாணாக்கர் அதனைக் குறிப்பேட்டிற் பெயர்த்துக்கொள்வர். வரைந்து முடிக்குந்தோறும் என் நினைவில் எழுவது, நெடுந்தீவில் எங்கள் வளவுப் படலையருகே கிடந்த கற்றொட்டியொன்றே.

நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையது, ஆறில்லாத் தீவு. மாரி மழை சுண்ணக்கல்லின் துளைகளூடே இறங்கி, கடல்நீரிலும் அடர்த்தி குறைந்ததாகையால், அதன்மேல் வில்லைபோல மிதந்து நிற்கும். அந்நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நிற்கும் என்பது நீரியலார் கணிப்பு. ஆதலின் கோடையில் நீர்மட்டம் ஓரடி தாழ்வது சிறு செய்தியன்று. கிணறுகள் ஒவ்வொன்றாகச் சவராகும்.

அத்தீவிலே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தன எனப்படும் மட்டக்குதிரைகள் கட்டாக்காலியாய்த் திரிகின்றன. அவற்றை வேட்டையாடும் பெருவிலங்கு எதுவும் அங்கில்லை. கடல் சூழ்ந்தமையால் வேறிடம் பெயரவும் இயலாது. கோடை கடுமையான ஆண்டுகளில் நீரின்றி மடியும். ஆய்வுகூடப் போத்தலில் அடைத்த மாவண்டுகளின் நிலைதான். போத்தல் சற்றுப் பெரிது, அவ்வளவே.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஆவணி மாதம். நெடுந்தூரம் நடந்து நல்ல தண்ணீர் அள்ளிவரும் ஆச்சி, அரிசி களைந்த நீரையும் அதனோடு அரைக்குடம் நல்ல நீரையும் அத்தொட்டியில் ஊற்றுவார். “எங்களுக்கே காணாது, ஆச்சி” என்று நான் சினந்ததுண்டு. “அதுகள் ஆரிட்டைப் போய்க் கேக்கும், மோனை?” என்பதே அவர் விடை. நாளடைவில் ஒரு பெட்டைக்குதிரை தன் குட்டியோடு எங்கள் வேலியோரத்திலேயே தங்கிவிட்டது. புரட்டாதி கழிந்து ஐப்பசி பிறந்த ஒரு காலையிலே குட்டி இறந்து கிடந்தது. நான்காம் நாள் தாயும் வீழ்ந்தது. தொட்டியிலோ தண்ணீர் இருந்தது. “தண்ணி இருந்ததே, பிறகேன் செத்தது?” என்று ஆச்சி என்னைக் கேட்டார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குத் தெரியும் என்று எண்ணினார் போலும்.

விடை பல்கலைக்கழகத்திலேதான் கிடைத்தது. ஜேர்மானிய இரசாயன அறிஞர் லீபிக் 1840 இல் வெளியிட்ட நூலாற் பரவிய இழிவு விதியைப் படித்த அன்று, வாசிகசாலையில் நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன். வளர்ச்சியை எல்லைப்படுத்துவது எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகையன்று. தேவைக்கு மிகக் குறைந்து கிடைக்கும் ஒன்றே. அதனை நிறைவித்தால் அடுத்த குறை எல்லையாய் வந்து நிற்கும். ஆச்சி தண்ணீரை நிறைவித்தார். வேலியோரப் புல்லை அக்குதிரைகளும் ஊர் மாடுகளுமாக வேரோடு கரம்பிவிட்டிருந்தன. தண்ணீரை விட்டுத் தொலைவு செல்லத் துணியாமையால் அவை பசியால் மடிந்தன.

பின்னாளில் பெரிங் கடலிலுள்ள சென்ற் மத்தியூ தீவின் கதையைப் படித்தேன். 1944 இல் ஐக்கிய அமெரிக்கக் கரையோரக் காவற்படையினர் அங்கு 29 துருவமான்களைக் கொண்டுவந்து விட்டனர். போர் முடிவுற, மனிதர் அகன்றனர். ஓநாயில்லாத் தீவு, தரையெங்கும் இலைக்கன். 1957 இல் 1,350 ஆகவும், 1963 இல் 6,000 ஆகவும் பெருகின. மெதுவாய் வளரும் இலைக்கனைத் தின்று தீர்த்தபின் வந்த கடும்பனிக் காலத்தை அவற்றால் தாங்க இயலவில்லை. 1966 இல் டேவிட் கிளைன் எண்ணியபோது 42 மட்டுமே எஞ்சியிருந்தன; அவற்றுள் ஆண் ஒன்றே. என் கரும்பலகைக் கோடு கிடைக்கோட்டைப் பணிவுடன் அணுகும். இம்மான்களோ அதனைத் தாண்டிச்சென்று வீழ்ந்தன. பனி அடர்த்தி சாராக் காரணி என்றும், உணவு அடர்த்தி சார்ந்த காரணி என்றும் நூல்கள் பிரிக்கும். அங்கே இரண்டையும் எவ்வாறு பிரிப்பது?

ஆச்சியிடம் நான் கற்றதைச் சொல்லவில்லை. நாங்கள் அதற்குள் தீவைவிட்டு யாழ்ப்பாணம் வந்துவிட்டோம். எங்களுக்குப் படகு இருந்தது. சொல்லியிருந்தாலும் தொட்டியை அவர் வறளவிட்டிருப்பாரென நான் நம்பவில்லை.

இக்கதையைக் கேட்ட மாணவியொருத்தி, “அப்படியானால் தண்ணீர் ஊற்றியது பிழையா, சேர்?” என்று வினவினாள். சமன்பாட்டில் அவ்வினாவுக்கு இடமில்லை என்றேன், அவள் அமரவில்லை. பிறகு யோசித்துச் சொன்னேன்: தண்ணீரால் அவற்றுக்குச் சில வாரங்கள் கிடைத்தன. மழை வந்திருந்தால் புல் முளைத்திருக்கும். அவ்வாண்டு முதல் மழை, தாய்க்குதிரை வீழ்ந்து ஒன்பதாம் நாள் பெய்தது.