நாலு பெட்டிக்கு ஒரு கன மீட்டர்

குடிபெயரக் கிளம்புகிற வீடுகளில் கடைசி மாதத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். முழு கன்டெய்னர் எடுக்க வசதியும் இல்லை, அவசியமும் இல்லை; விமானத்தில் கொண்டுபோகிற பெட்டிகளில் எல்லாம் அடங்கவும் அடங்காது; ஆகவே மிச்சத்தை நாலு பெட்டியில் கட்டிக் கப்பலில் போட்டுவிடலாம் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் படும். ஆனால் சென்னையிலிருந்து மெல்பர்னுக்கோ சிட்னிக்கோ வருகிறவர்களுக்கு இருப்பதிலேயே நட்டமான அளவு அந்த நாலு பெட்டிதான் என்பது என் கட்சி. அனுப்பினால் ஒரு கன மீட்டர் நிறைய அனுப்புங்கள், அதிலும் பெரும்பங்கு புத்தகமாக இருக்கட்டும். இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். பலருடைய சரக்கையும் ஒரே கன்டெய்னரில் சேர்த்து ஏற்றும்போது நமக்கு விற்கப்படுவது இடம். கன மீட்டருக்கு இவ்வளவு என்று கட்டணம். அதற்குள் எடை 1,000 கிலோவைத் தாண்டாதவரை கேள்வி இல்லை. பெரும்பாலான ஏஜென்டுகள் குறைந்தபட்சம் ஒரு கன மீட்டருக்குப் பணம் வாங்கிவிடுவார்கள். 45 செ.மீ. நீளம், 35 அகலம், 30 உயரம் உள்ள அட்டைப்பெட்டி ஏறக்குறைய 0.047 கன மீட்டர். அப்படி 21 பெட்டி சேர்ந்தால்தான் ஒரு கன மீட்டர் நிறையும். நாலு பெட்டிக்காரர் ஐந்தில் ஒரு பங்கைக்கூட நிரப்பாமல் முழு இடத்துக்கும் காசு கொடுக்கிறார். விமான கார்கோவில் கதை தலைகீழ். அங்கே எடைதான் கணக்கு. பெரிதாகவும் லேசாகவும் இருக்கிற பெட்டியை மட்டும் 6,000 கன சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்று மாற்றிப் போடுவார்கள். அதே பெட்டியில் தலையணையை அடைத்தால் சுமார் 8 கிலோவுக்குக் கட்டணம். புத்தகத்தை அடைத்தால் 25 கிலோவைத் தொடும், அத்தனைக்கும் கட்டவேண்டும். ஆக, கனமானதெல்லாம் கடலுக்குத்தான் லாயக்கு. நம்மவர்கள் கட்டுவதோ போர்வை, காலிக் குக்கர், இட்லிக் கொப்பரை. காற்றை அடைத்துக் கப்பலில் ஏற்றுகிறோம்.

“ஏஜென்ட் சொன்ன தொகை அப்படியொன்றும் அதிகமில்லையே” என்பார்கள். அந்தத் தொகை எதுவரைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் துறைமுகம் வரைக்கும்தான் இருக்கும். அதற்குப் பிறகு கன்டெய்னரைத் திறந்து அவரவர் சரக்கைப் பிரிக்கும் கூலி, துறைமுகக் கட்டணம், டெலிவரி ஆர்டர், கிளியரிங் ஏஜென்ட், பூச்சி பார்க்கும் அதிகாரியின் ஆய்வுக் கட்டணம், தாமதமானால் கிடங்கு வாடகை, வீடு வரை வண்டி எல்லாம் இந்த ஊர்க் கூலியில் நடப்பவை. இவற்றில் பலவும் பெட்டி நாலானாலும் இருபதானாலும் ஒரே தொகைதான். வீட்டு வாசல் வரைக்குமான கணக்கை எழுத்தில் வாங்கினால்தான் உண்மை விலை தெரியும்.

கிரைண்டரும் மிக்சியும் இங்கே விலை கூடுதல் என்பது சரிதான். மின்சாரமும் இடிக்காது: இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பிளக்கை மாற்றினால் போதும். கல் கிரைண்டர் கப்பலுக்கென்றே செய்தது மாதிரியான சரக்கு. முழு கன மீட்டர் எடுத்தவர் தாராளமாகப் போடலாம். ஆனால் அதற்காகவே நாலு பெட்டி கட்டுவது வீண். மெல்பர்னின் டாண்டினாங்கிலும் சிட்னியின் வென்ட்வொர்த்வில்லிலும் நம் சமையல் சாமான் கிடைக்கிறது. தவிர, குடியேறுகிறவர் 12 மாதமாவது சொந்தமாக வைத்துப் புழங்கிய பொருளுக்குத்தான் சுங்க விலக்கு. பயணத்துக்கென்று போன வாரம் வாங்கிய கிரைண்டருக்கு அது செல்லாது.

மளிகையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அரிசி, துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, கொண்டைக்கடலை, மல்லி, சீரகம், சோம்பு, காய்ந்த மிளகாய் என்று நம் அஞ்சறைப்பெட்டியில் பாதியை 2020இல் ஆஸ்திரேலியா வீட்டுச் சாமான்களோடு வரக்கூடாதென்று நிறுத்திவிட்டது. காரணம் சேமித்த தானியத்தை அழிக்கும் காப்ரா வண்டு. நம் ஊர்க்காரர்களைக் குறிவைத்த கெடுபிடி என்று சிலருக்குக் கோபம். அந்த வண்டின் பூர்வீகம் இந்தியத் துணைக்கண்டம் என்பது உண்மைதான். ஆனால் 2007இல் பெர்த்தில் அது பிடிபட்டது ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்களின் சாமான்களோடு. அந்த வீட்டையே பிளாஸ்டிக்கால் போர்த்தி மீதைல் புரோமைடு புகை போட்டார்கள். அதன் புழு தீனியே இல்லாமல் வருஷக்கணக்கில் இடுக்குகளில் கிடக்கும். கோதுமை விற்றுப் பிழைக்கிற நாடு பயப்படாமல் என்ன செய்யும்? ஆகவே மிக்சி அடியில் ஒட்டிய பருப்புத்தூள், முறத்தின் பின்னலில் சிக்கிய குருணை, செருப்பில் காய்ந்த மண் எல்லாம் வினை. பழக்கடை அட்டைப்பெட்டியும் வைக்கோல் பொதியும் கூடவே கூடாது.

புத்தகத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. ராமபாணப் பூச்சி இருந்தால் தட்டித் துடைத்து உலர்த்திவைத்தால் சரி. “எல்லாம்தான் போனில் இருக்கிறதே” என்கிறவர்கள், வாரப்பத்திரிகைத் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஓவியங்களோடும் துணுக்குகளோடும் பைண்டு செய்து வைத்த தொகுதி ஒன்றைப் போனில் காட்டட்டும். குறைந்த பிரதி அச்சாகித் தீர்ந்துபோன சிறுகதைத் தொகுதியும் அப்படித்தான். கிடைக்கிற புத்தகத்தையும் பின்னால் தபாலில் ஒவ்வொன்றாக வரவழைத்தால் தபால் செலவு புத்தக விலையை மிஞ்சும். குத்துவிளக்கு, தாத்தா படம் போன்றவற்றுக்கு என் கணக்கு பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவற்றைக் கையில் கொண்டுவாருங்கள்.

இடம் மிச்சம் இருக்கிறதே என்று தெரிந்தவர் பெட்டியையும் சேர்த்துக்கொள்ளச் சிலர் யோசிப்பார்கள். சாமான்களுக்காக ஆஸ்திரேலியச் சுங்கத்துக்குத் தரும் பி534 படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர்தான் உள்ளே இருக்கிற அத்தனைக்கும் பொறுப்பு. அடுத்தவர் பெட்டியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இன்ஷூரன்ஸ் எதற்கு, பழைய புத்தகம்தானே என்பது இன்னொரு யோசனை. 2021இல் சூயஸ் கால்வாயில் சிக்கிய ‘எவர் கிவன்’ கப்பல் விஷயத்தில், அதை மீட்ட செலவில் சரக்குக்காரர்களுக்கும் பங்கு என்று அறிவித்தார்கள். அதற்கு ஈடு காட்டினால்தான் சரக்கு கைக்கு வரும். கடல் வாணிபத்தின் பழைய வழக்கம் அது, நாலு பெட்டிக்காரருக்கும் உண்டு; இன்ஷூரன்ஸ் இருந்தால் அந்த ஈட்டை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாமே கட்டிய பெட்டி என்றால் உள்ளே உடைந்ததற்குப் பெரும்பாலும் இழப்பீடு தரமாட்டார்கள் என்பதையும் பாலிசியில் படித்துக்கொள்ளவேண்டும். பட்டியலில் பெட்டிக்குப் பெட்டி எண் போட்டு, உள்ளே இருப்பதைப் பேர் சொல்லி எழுதுங்கள். ‘இதர பொருட்கள்’ என்று எழுதிய பெட்டியை மேஜையில் கொட்டித்தான் பார்ப்பார்கள், அதற்கான நேரத்துக்கும் பில் வரும்.