கூரைக்கும் வேண்டும் ஒரு வடிகால்

லயத்து வீடுகளில் வளர்ந்த நமக்குக் கூரை ஒழுகுவது புதிதன்று. தகரத்தில் ஆணித் துளை பெருத்துவிட்டால் தாரைக் காய்ச்சிப் பூசுவோம். முடியாத நாளில் சட்டியை வைத்து நீரைப் பிடிப்போம். ஆனால், காடியின் கூரையே ஒழுகினால் என்ன செய்வது?

என் அக்காள் மகனுக்கு வயது இருபத்திரண்டு. ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டணத்துப் பட்டறை ஒன்றில் வேலை பழகுகிறான். சேமித்த பணத்தையெல்லாம் போட்டு, பழைய ஹோண்டா பிரெலூட் காடி ஒன்றை வாங்கி வந்தான். 1987-இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை வண்டி. இரண்டே கதவுகள், எழுந்து நிற்கும் முன்விளக்குகள், தலைக்கு மேலே மின்சாரத்தில் திறந்து மூடும் கூரைக் கதவு. 1978-இல் முதல் பிரெலூட் வந்தபோதே அந்தக் கூரைக் கதவு அதற்கு ஒரு பெருமை.

அந்தப் பெருமை முதல் மழையோடு கரைந்தது. பொத்தானை அழுத்தினால் மோட்டார் முனகும். கூரைப் பலகை நான்கு விரற்கடை நகர்ந்து, கோணிக்கொண்டு நின்றுவிடும். மூடியிருந்த நாளிலும் காலடியில் நீர் தேங்கியது.

"இந்த ஓட்டைத் தகரத்துக்கா தம்பி இவ்வளவு காசைக் கொட்டினான்? நீதான் நல்ல புத்தி சொல்லணும். வித்துடச் சொல்லு" என்று அக்காள் கண் கலங்கினார். அத்தானோ மகனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். படிப்பில் தோற்றவன் பணத்திலும் தோற்றான் என்பது அவர் முடிவு.

வேறொரு பட்டறைக்காரர் சுற்றிலும் சிலிக்கன் பசை பூசி ஒட்டிவிடலாம் என்றாராம். பையன் ஒப்பவில்லை.

"கண்ணு வலிக்குதுன்னு இமையைத் தைக்கிற கதை மாமா அது. எனக்கு ரெண்டு நாள் போதும்" என்றான்.

பள்ளி விடுமுறை. என் வீட்டு முற்றத்தில் வேலை நடந்தது. விளக்குப் பிடிப்பது என் பொறுப்பு.

கூரைக் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டைதான் மழையைத் தடுக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அது பெரும்பகுதியைத்தான் தடுக்கும். மீறி வரும் நீரைப் பிடிக்க உள்ளே ஒரு வாய்க்கால் உண்டு. அதன் நான்கு மூலைகளிலிருந்தும் சிறு குழாய்கள் காடியின் தூண்களுக்குள் இறங்கி, அடியில் நீரை வெளியே விடுகின்றன. குழாய் அடைத்தால் வாய்க்கால் நிரம்பி, நீர் உள்ளே வழியும்.

மூலைக்கு ஒரு குவளை நீர் ஊற்றிப் பார்த்தான். பின்குழாய்களில் நீர் இறங்கியது. முன்குழாய்கள் இரண்டிலும் ஒரு சொட்டும் இல்லை. காற்றடித்துத் தள்ளலாமே என்றேன். "வேகமா அடிச்சா குழாய் மேலே கழன்றுக்கும் மாமா. அப்புறம் கூரைத் துணியையே பிரிக்கணும்" என்றான். புல் வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிற்றை எடுத்து, நுனியை நெருப்பில் காட்டி மழுக்கி, மெல்ல மெல்லச் செலுத்தினான். செம்மண்ணும் மக்கிய இலையும் வந்தன. பிறகு நீர் தடையின்றி இறங்கியது.

மறுநாள், கோணிய பலகை. அதன் இரு பக்கமும் தண்டவாளம்போல் இரண்டு தடங்கள். திருகாணிபோல் முறுக்கிய இரு எஃகுக் கம்பிகளை மோட்டாரின் பல்சக்கரம் ஒரே நேரத்தில் நகர்த்தும். பழைய கிரீஸ் மெழுகாய் இறுகி ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, மறுபக்கம் மட்டும் ஓடியிருக்கிறது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு மோட்டாரைக் கழற்றினான். கம்பிகள் விடுபட்டன. தடங்களைத் துடைத்து, என் பள்ளிக்கூட அடிக்கோலால் இரு பக்கமும் அளந்து சமமாக்கினான். புதுக் கிரீஸைச் சிறிதளவு தடவி, மோட்டாரை மீண்டும் பூட்டினான். பலகை நேராகச் சென்று நேராகத் திரும்பியது. செலவு முப்பது வெள்ளிக்குள் அடங்கியது.

இத்தகைய காடி வைத்திருப்போர், மாதம் ஒருமுறை ஒரு குவளை நீர் ஊற்றிச் சோதியுங்கள். இலையுதிரும் மரத்தடியில் நிறுத்தாதீர்கள். பலகை சிக்கினால் பொத்தானை விடாமல் அழுத்தாதீர்கள், மோட்டார் கெடும்.

அன்று மாலை மழை கொட்டியது. அத்தான் குடையோடு வந்து நின்றார். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "தண்ணி எந்த வழியாடா இறங்குது?" என்று கேட்டார். பல வாரங்களுக்குப் பிறகு மகனிடம் அவர் பேசிய முதல் பேச்சு. அவன் குனிந்து காட்டினான், அவரும் குனிந்தார்.

காரணத்தைத் தேடி, சோதித்து, பிறகு கைவைப்பதைத்தான் அறிவியல் பாடத்தில் நாங்கள் கற்பிக்கிறோம். தேர்வுத் தாளில் எழுதத் தெரியாத பையனுக்கு அது கையில் வருகிறது. பெற்றோரே, அப்படிப்பட்ட பிள்ளையை மூலையில் உட்கார வைக்காதீர்கள். மலேசியத் திறன் சான்றிதழ் முதல் மூன்று நிலைகளைக் கொண்டது. அதன் மேல் டிப்ளோமாவும் உண்டு. என் அக்காள் மகனுக்கு விண்ணப்பத் தாளை நிரப்ப உதவியிருக்கிறேன். பெற்றோர் தொழில் என்ற இடத்தில் "தோட்டத் தொழிலாளி" என்று அவனே தன் கையால் எழுதினான்.